கலங்கிய டியூபும் கலங்காத டியூபும்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் எனக்குப் பிறகு சேர்ந்த செல்வி போன மாதம் போனில் ஒரு கேள்வி கேட்டாள். நாள்பட்ட இடுப்புவலிக்காரர்கள் சிலருக்கு முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கில் கிருமி தங்கியிருக்கலாம் என்று டாக்டர்கள் பேசிக்கொள்கிறார்களாம். சிலர் அதற்கு மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கிறார்களாம். வேறு சிலரோ, அது தோலில் கிடக்கிற சாதாரணக் கிருமி, சாம்பிள் எடுக்கும்போது ஒட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்து ஏமாறுகிறார்கள் என்கிறார்களாம். "உங்க காலத்துல அப்படி ஏதாவது பாத்திருக்கீங்களா சார்?" என்றாள்.

ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. இல்லை என்று சொல்லவும் வரவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்மா" என்று போனை வைத்துவிட்டேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எழுதிப் பார்த்தாலாவது ஒரு பக்கம் சாய்வேனா என்று இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

திருநெல்வேலியில் லேப் டெக்னீஷியன் படிப்பு படித்தேன். இரண்டு மூன்று ஊர்களில் சளி, ரத்தம், மூத்திரம் என்று குப்பை கொட்டினேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கோவில்பட்டிக்கு வந்து, ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்துவிட்டேன். என் படிப்பைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. வேலை என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது டாக்டர் கோமதியிடம்தான்.

அவர் அரசு மருத்துவக் கல்லூரியில் கிருமியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வாடகை வீடு பிடித்து ஆய்வகம் வைத்திருந்தார். ஆளைத் திட்டவே மாட்டார். கேள்வி கேட்பார். அதற்குத் திட்டே தேவலை என்று இருக்கும். ஒரு தட்டில் ஏதோ வளர்ந்திருக்கிறது என்று நான் ஆசையாகக் கொண்டுபோய் நீட்டினால், தட்டைப் பார்க்கமாட்டார், என்னைப் பார்ப்பார்.

"சிவஞானம், பாட்டில் மூடியைத் தொறந்து எங்க வச்சீங்க?"

"மேசையில மேடம்."

"மல்லாக்கவா, குப்புறவா?"

நான் மேசையைத் திரும்பிப் பார்ப்பேன்.

"மூடி எப்படி இருந்துச்சுன்னு தெரியலை. கிருமி எங்க இருந்து வந்துச்சுன்னு மட்டும் தெரிஞ்சிருமா?" என்பார், குரலை உயர்த்தாமல். முடிவை முதலில் பென்சிலால் எழுதுவார். சாயங்கால டீ வந்து, குடித்து, டம்ளர் காய்ந்த பிறகு அதை மறுபடி படிப்பார். மனசு மாறவில்லை என்றால்தான் பேனா. பென்சிலுக்கும் பேனாவுக்கும் நடுவில் நோயாளி வந்து நின்றால் என் பாடு திண்டாட்டம்.

எங்கள் ஆய்வகத்தில் காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமிகளுக்கென்று ஒரு டியூப் தயாரிப்போம். அது கறி போட்ட டியூப். ஆட்டின் இதயத்தைக் கொழுப்பு நீக்கி, பொடியாகக் கொத்தி, வேகவைத்து, வடித்து, உலர்த்தி, கண்ணாடி டியூபில் இரண்டு விரல் உயரம் போட்டு, மேலே சூப் ஊற்றி அவிக்க வேண்டும். காற்று பிடிக்காத கிருமி கறித்துணுக்குகளுக்கு அடியில் போய் ஒளிந்துகொண்டு வளரும். கடையில் தயாராக வாங்கலாம்தான். ஆனால் மேடத்துக்கு அடுத்தவர் சமையலில் நம்பிக்கை இல்லை.

இதில் என் கஷ்டம் என்னவென்றால் நாங்கள் முட்டைகூடத் தொடாத குடும்பம். காதர் பாய் கறிக்கடையில் நான் போய் நின்றாலே அவருக்குக் கொண்டாட்டம். "வாங்க அண்ணாச்சி. ஊர்ல எல்லாரும் தொடைக்கறிக்குச் சண்டை போடுதாவ. நீங்க ஒரு ஆளுதான் நெஞ்சுக்குள்ள இருக்கறதக் கேட்டு வருதீங்க" என்பார். அடுத்த முறை போனால், "போன வாரக் கொழம்பு எப்படி இருந்துச்சு?" என்று கேட்காமல் விடமாட்டார். "கிருமிக்குப் புடிச்சிருந்தது பாய்" என்பேன். கறி கொத்திய நாட்களில் என் மனைவி என்னைக் கொல்லைப்புறமாக வரச்சொல்லி, குளித்த பிறகுதான் காப்பி தருவாள். அதற்குத் தண்ணீர் இருந்தால்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. கோவில்பட்டியில் அப்போது குழாயில் தண்ணீர் வருவது திருவிழா மாதிரி. வாரம் தாண்டி வரும், சில சமயம் அதற்கும் தாண்டி வரும். கிருமி வளரவைத்த டியூபை அப்படியே கொட்டிவிட முடியாது. நீராவியில் அவித்துக் கிருமியைக் கொன்று, பிறகு பலமுறை அலசிக் கழுவவேண்டும். எங்கள் வழக்கப்படி ஐந்து நாள் பார்த்து ஒன்றும் வளரவில்லை என்றால் 'வளர்ச்சி இல்லை' என்று முடிவு கொடுத்துவிடுவோம். டியூப் மட்டும் தண்ணீர் வரும்வரை இன்குபேட்டரின் கீழ்த்தட்டில், உடம்புச் சூட்டிலேயே கிடக்கும். கழுவும் நாளன்று ஒவ்வொன்றையும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒருமுறை தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் அவிக்க வேண்டும் என்பது மேடம் உத்தரவு. அந்த உத்தரவும் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்துதான் என்னை இந்தக் குழப்பத்தில் மாட்டிவிட்டன.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒருநாள், மதுரையிலிருந்து வாரந்தோறும் வந்துபோகும் எலும்பு டாக்டர் ஒரு சின்ன பாட்டில் அனுப்பினார். உள்ளே நண்டுச் சதைபோல வெள்ளையாக நாலைந்து துணுக்குகள். பேச்சியம்மாள் என்ற பெண்ணின் இடுப்பு டிஸ்க். தீப்பெட்டி ஆபீசில் குனிந்து உட்கார்ந்து சட்டத்தில் குச்சி அடுக்குகிறவள். நாகலாபுரம் பக்கம் ஒரு கிராமம். இரண்டு வருஷத்துக்கு மேலாக வலி. பிதுங்கிய டிஸ்க்கை அறுத்து எடுத்தவர், எலும்பு டிபியாக இருக்குமோ என்ற சந்தேகத்தில் எங்களுக்கு அனுப்பியிருந்தார்.

டிபிக்குச் சாயம் போட்டுப் பார்த்தேன். இல்லை. மற்ற கிருமிகளுக்குப் பார்த்தேன். ஒன்றையும் காணோம். துணுக்குகளை இரண்டு கறி டியூபில் போட்டேன். ஒன்றில் தவறு நேர்ந்தால் இன்னொன்று சாட்சி சொல்லும் என்பதற்காக எப்போதும் இரண்டு. ஐந்து நாளில் இரண்டுமே தெளிவாக இருந்தன. மேடம் பென்சிலால் எழுதி, டீ குடித்து, பேனாவால் எழுதினார்.

தையல் பிரித்த பிறகு முடிவை வாங்க மாமியாரும் மருமகளுமாக வந்தார்கள். மாமியார் சண்முகத்தாய் பெஞ்சில் உட்கார்ந்தார். பேச்சியம்மாள் உட்காரவில்லை. மேசை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது.

"டிபி இல்லைம்மா. வேற கிருமியும் வளரலை. நல்ல சேதிதான்" என்றேன்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "ஒண்ணுமே இல்லையா அண்ணாச்சி?"

"ஒண்ணுமே இல்லை."

"கேட்டுக்கிட்டியா?" என்றார் மாமியார். "அறுத்து எடுத்தும் நோவு போவலைங்கா. நோவுன்னு ஒண்ணு இருந்தாத்தான சோதனையில தெரியும். ஆபீசுக்குப் போவணும்னா நோவுது. குடத்தைத் தூக்கணும்னா நோவுது. சாப்பிட உக்காரும்போது மட்டும் நோவாது, கேட்டுக்கிடுங்க."

"நான் நின்னுக்கிட்டுத்தான அத்தை சாப்பிடுதேன்" என்றாள் அவள், என்னைப் பார்த்தபடி.

"எம் மவன் முடிவா இருக்கான் அண்ணாச்சி. இவளக் கொண்டுபோய் இவ அப்பன் வீட்டுல விட்டுருதுன்னு. பேத்தியை நாங்க வச்சிக்கிடுவோம். எத்தனை நாளைக்கு நான் ஒருத்தியே ஊர்க் கடைசியில போய்த் தண்ணி சுமக்கது?"

இதைச் சொல்லிவிட்டு அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார். பேச்சியம்மாள் அங்கேயே நின்றாள். "இன்னொரு தடவை பாருங்க அண்ணாச்சி. சின்னக் கிருமியா இருந்தாலும் போதும்" என்றாள்.

கிருமி இருக்கக் கூடாது என்று சாமியை வேண்டிக்கொண்டு வருகிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். கிருமி வேண்டும் என்று கேட்டு வந்தவள் அவள் ஒருத்திதான். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்பு வந்ததில் வெட்கமாகவும் இருந்தது. அவள் போன பிறகு அன்று முழுக்க வேலை ஓடவில்லை.

அந்த முறை தண்ணீர் வரவே இல்லை. வரும் வரும் என்று குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தெருவே காத்துக் கிடந்தது. எங்கள் கீழ்த்தட்டில் டியூபுகள் குவிந்துகொண்டே போயின. கடைசியில் ஒருநாள் காலையில் குழாய் இருமிக்கொண்டு வந்தது. நான் அவசர அவசரமாக ஒவ்வொரு டியூபாக ஜன்னலில் தூக்கிப் பார்த்து அவிக்கும் கூடையில் போட்டேன். பேச்சியம்மாளின் ஒரு டியூப் தெளிவாக இருந்தது. இன்னொன்று கலங்கியிருந்தது.

திறந்தால் லேசான புளிச்ச வாடை. ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். கொட்டிப்போன தீக்குச்சிகள் மாதிரி, குட்டையும் நெட்டையுமாக, கோணல்மாணலாக நிறைய. "மேடம்!" என்று நான் கத்திய கத்தலில் அவர் டீயைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

வெகுநேரம் குனிந்து பார்த்தார். "தோல் கிருமி. முகப்பருவுல இருக்கும். உங்க மூஞ்சியில, என் மூஞ்சியில, எல்லார் தோல்லயும் இருக்கும். மெதுவாத்தான் வளரும்" என்றார். பிறகு கேள்விகள் ஆரம்பமாயின. பாட்டிலை எந்தக் கையால் திறந்தேன், பேசிக்கொண்டே வேலை செய்தேனா, எந்த டியூபில் முதலில் போட்டேன். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஆனால் சொல்லச் சொல்ல என் பதிலை நானே நம்பவில்லை. அத்தனை நாள் கழித்து, எந்த விரல் எதைத் தொட்டது என்று யாருக்குத் தெரியும்?

மேடம் மதுரை டாக்டருக்குப் போன் போட்டார். ஆய்வகமே சின்னது. அவர் சொல்வதும் எனக்குக் கேட்டது.

"தோல் கிருமிதான மேடம். கத்தி தோலைக் கிழிச்சுக்கிட்டுத்தான உள்ளே போகுது. ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"அப்படின்னா ரெண்டு டியூபிலயும் வந்திருக்கணுமே டாக்டர்."

"அப்போ உங்க டெக்னீஷியன் கையா இருக்கும்."

"அதுவும் சரிதான்" என்றார் மேடம். எனக்குச் சுருக்கென்று தைத்தது. போனை வைத்ததும் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டேன். "மேடம், அன்னைக்கு இதே கையாலதான மத்த ஆளுங்க டியூபும் போட்டேன். அதெல்லாம் தெளிவாத்தான இருக்கு?"

"அதுவும் சரிதான்" என்றார்.

"அப்போ இது அந்தப் பொண்ணு முதுகுல இருந்ததுதானா?"

"ஒரு துணுக்குல இருந்து, இன்னொரு துணுக்குல இல்லாமப் போயிருக்கலாம். அதுவும் சரிதான் சிவஞானம்." பென்சிலை எடுத்து ஏதோ எழுதினார். அழித்தார். மறுபடி எழுதினார். டீ ஆறி ஆடை படிந்துவிட்டது. அவர் அப்படித் தடுமாறி நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்குக் கொஞ்சம் பயமாக இருந்தது.

அடுத்த வாரம் மதுரை டாக்டரிடம் காட்ட வந்தபோது, பேச்சியம்மாளையும் அவள் புருஷன் கருப்பசாமியையும் மேடம் வரவழைத்தார். கருப்பசாமி மானாவாரியில் மிளகாயும் பருத்தியும் போடுகிறவர். கைகட்டி நின்றார். மேடம் அவருக்குப் பாடம் நடத்துவதுபோலப் பொறுமையாகச் சொன்னார்: "முதல்ல ஒண்ணும் வளரலைன்னு சொன்னோம். இப்போ ஒரு டியூபுல கிருமி வளர்ந்திருக்கு. ஆனா அது இவ முதுகுக்குள்ள இருந்ததா, எடுக்கிற வழியில ஒட்டினதான்னு எங்களுக்குத் தெரியலை."

கருப்பசாமி காதில் பாதிதான் விழுந்தது. "அப்போ கிருமி இருக்கு. இவ பொய் சொல்லலை."

"வலிக்குதுன்னா வலிக்குதுதான்யா. அதுக்குக் கிருமி சாட்சி வேண்டாம்."

"சரிங்க. கிருமி இருக்குல்ல?" என்றார் மறுபடியும். பேச்சியம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. மதுரை டாக்டரும், எனக்கு நம்பிக்கை இல்லை, கொடுத்துப் பார்ப்பதில் பெரிய கெடுதலும் இல்லை என்று சொல்லி, நீண்ட நாளைக்கு ஆன்டிபயாடிக் எழுதிக்கொடுத்தார். அப்பன் வீட்டுப் பேச்சு நின்றுபோனது என்று பிறகு தெரிந்தது.

சில வாரங்கள் கழித்து ரத்தம் கொடுக்கத் தனியாக வந்தாள். மாத்திரை வயிற்றைக் கலக்கி, ஆள் இளைத்திருந்தாள். ஆனால் மேசையைப் பிடிக்காமல் நின்றாள்.

"நோவு எப்படிம்மா இருக்கு?" என்றேன்.

"கொறஞ்சிருக்கு அண்ணாச்சி. நெசமாவே கொறஞ்சிருக்கு. ஆனா வீட்டுல..." என்று இழுத்தாள். "அத்தை என்னக் குடத்தைத் தொட விடமாட்டேங்காவ. கிருமி தண்ணியில எறங்கிருமாம். இப்போ அவிய ரெண்டு நடை, எங்க வீட்டுக்காரவிய சைக்கிள்ல ரெண்டு நடைன்னு எடுக்காவ. எனக்குத் தட்டு தனி, பாய் தனி. பிள்ளைய எங்கிட்ட படுக்க விடமாட்டேங்காவ. அது ராத்திரி முழுக்க அங்கன கெடந்து அழுது, நான் இங்கன கெடந்து அழுதேன்."

உள்ளே இருந்த மேடம் பென்சிலோடு எழுந்து வந்தார். "எப்ப இருந்து வலி கொறஞ்சுது?"

"மாத்திரை சாப்பிட்டதுல இருந்து டாக்டரம்மா."

"குடம் தூக்காம இருக்கது எப்ப இருந்து?"

"அதுவும் அந்த வாரத்துல இருந்துதான்."

"தீப்பெட்டி ஆபீசு?"

"அங்கனயும் அந்த வாரமே நின்னாச்சு."

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மருந்து வேலை செய்ததா, குடம் இறங்கியதால் இடுப்பு தேறியதா, அறுவை செய்த இடம் தானாக ஆறிவந்ததா, அல்லது புருஷன் நம்பினான் என்பதே போதுமாக இருந்ததா? எல்லாம் ஒரே வாரத்தில் நடந்து தொலைத்திருக்கிறது. "இதை எப்படிப் பிரிக்கிறது சிவஞானம்?" என்று என்னைக் கேட்டார். அவர் கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாமல் போனது புதிதல்ல. ஆனால் அன்று அவருக்கும் பதில் தெரியாது என்பது அவர் முகத்திலேயே இருந்தது. கிருமி என்ற சொல்லை அந்த வீட்டுக்குள் அனுப்பியது நாங்கள்தான். அது அவளைக் காப்பாற்றியதா, ஒதுக்கிவைத்ததா என்று கேட்டால் இரண்டையும்தான் செய்தது.

மாத்திரை முடிந்து கடைசி ரத்தப் பரிசோதனைக்கு வந்தபோது மாமியாரும் கூட வந்தார். பஸ்ஸில் மருமகளை ஒட்டி உட்காராமல் தள்ளியே உட்கார்ந்து வந்ததாக அவரே சொன்னார். அவரை வெளியே பெஞ்சில் விட்டுவிட்டு, பேச்சியம்மாள் மட்டும் ரத்தம் எடுக்கும் அறைக்குள் வந்தாள். மேடமும் அங்கே இருந்தார்.

"டாக்டரம்மா, வலி முக்காவாசி போயிட்டு. ஒண்ணு கேக்கணும். கோவிச்சிக்கிடக் கூடாது" என்றாள். குரல் தணிந்தது. "கிருமி போயிட்டுன்னு எங்க அத்தைகிட்ட சொல்லிராதீங்க. சொன்னா நாளைக்கே இடுப்புல குடம் ஏறிரும். திரும்ப நோவுன்னு சொன்னா இந்தத் தடவ யாரும் நம்பமாட்டாவ. எங்கப்பன் வீடுதான். ஆனா கிருமி இருக்குன்னு மட்டும் சொன்னா பிள்ளைய எங்கிட்ட விடமாட்டாவ. பிள்ளைக்கு ஒட்டாதுன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான்."

நான் ரத்தம் எடுத்து முடித்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மேடமோ டீ டம்ளர் காயும்வரை பேனாவைத் தொடாத மனுஷி. இல்லாததை இருக்கிறது என்று இவர் வாயால் சொல்லவைக்க முடியாது, இந்தப் பெண் வீணாகக் கேட்கிறாள் என்றுதான் நினைத்தேன். மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, நேராக வெளியே பெஞ்சுக்குப் போனார். நானும் ரத்த டியூபோடு பின்னால் போனேன்.

"உங்க மருமக பேத்தியை மடியில வச்சிக்கிடலாம், பக்கத்துல படுக்க வைக்கலாம். இந்தக் கிருமி யாருக்கும் ஒட்டாது" என்றார்.

"அப்படியா? அப்போ இனி குடம் எடுக்கலாம்லா?"

"குடம் ஆகாது. குனிஞ்சு நிமிந்து பாரம் தூக்குறது எதுவும் ஆகாது."

சண்முகத்தாய் மேடத்தையே பார்த்தார். "அப்போ கிருமி இன்னும் உள்ள இருக்கா?"

மேடம் ஒரு மூச்சு இழுத்தார். "இருக்கு. டிஸ்க்குக்குள்ள ஒளிஞ்சு கெடக்கு. பாரம் ஏறுனா முழிச்சிக்கிடும்."

சண்முகத்தாய்க்கு அது நன்றாகப் புரிந்தது. எழுந்தார். அறை வாசலில் நின்ற பேச்சியம்மாளின் தோளில் தொங்கிய பையை வெடுக்கென்று பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "வாட்டி, பஸ்ஸு போயிரும். பிள்ள தேடும்" என்று சொல்லி, அவள் கையைப் பிடித்துப் படி இறக்கினார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மேடம் பார்த்துவிடக் கூடாது என்று ரத்த டியூபில் பெயர் ஒட்டுவதுபோலத் திரும்பிக்கொண்டேன்.

அவர்கள் சந்து திரும்பும்வரை மேடம் வாசலிலேயே நின்றார். பிறகு உள்ளே வந்து, "சிவஞானம், இப்ப நான் சொன்னதுல எது பொய்?" என்று கேட்டார்.

யோசித்தேன். "ஒட்டாதுங்கது நெசம் மேடம். குடம் ஆகாதுங்கதும் நெசம். கிருமி உள்ள இருக்குங்கது..."

"ம்?"

"தெரியலை மேடம்."

"எனக்கும் தெரியலை" என்றார். "பொய்யின்னு தெரிஞ்சிருந்தா என்னால சொல்லியிருக்கவே முடியாது."